நடுத்தண்ணீரில் நிற்கத் தெரியுமா?

(உடற்கல்விப் பக்கம். இந்த முறை இரண்டு தாள் ஒட்டியிருக்கிறோம். முதல் தாளைக் காலை மணிக்கு முன்னாடி, அடுத்ததை இடைவேளையில் படிக்கலாம். முண்டியடிக்க வேண்டாம், தாள் கிழிந்துவிடும்.)

கேள்விப் பெட்டியில் போன வாரம் ஒரு சீட்டு விழுந்திருந்தது. பெயர் போடவில்லை. அதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"என் அண்ணன் வேலைக்குப் போகிறான். நன்றாக ஓடுவான், சைக்கிளும் நன்றாக ஓட்டுவான். கோவாவில் கடலில் நீந்தி, அப்புறம் சைக்கிள் ஓட்டி, அப்புறம் ஓட வேண்டிய போட்டிக்குப் பணம் கட்டிவிட்டான். ஆனால் நீச்சல் அவனுக்குச் சுமார்தான். குளத்தில் அக்கரை போவதற்குள் மூச்சு வாங்குகிறது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்று மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?"

முதலில் அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள். அது பயிற்சியில் சேராது, ஆனாலும் முதல் வேலை அதுதான். இனி பாடத்துக்கு வருவோம். அண்ணன் இல்லாதவர்களும் படிக்கலாம். கிணற்றிலும் ஏரியிலும் குதிக்கிற எல்லாருக்கும் இதில் பாதி பொருந்தும்.

அந்தப் போட்டிக்குப் பெயர் ட்ரையத்லான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். நடுவில் உடை மாற்றுகிற நேரமும் கணக்கில் சேரும். தூரத்தில் பல வகை உண்டு. சின்னது ஸ்பிரின்ட்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக்கில் இது அப்படியே இரண்டு மடங்கு: 1500 மீட்டர், 40, 10. கோவாவில் 2019-ல் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 இன்னும் பெரியது. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் மைலில் கூட்டினால் 70.3 வரும், அதனால்தான் அந்தப் பெயர். நீச்சல் மிராமார் கடற்கரையில். மாண்டவி ஆறு கடலில் கலக்கிற இடத்தை ஒட்டிய கரை அது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நீச்சலுக்குக் கொடுக்கும் நேரம் 1 மணி 10 நிமிடம். அதற்குள் கரையேறவில்லை என்றால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள். 100 மீட்டருக்கு 3 நிமிடம் எடுத்துக்கொண்டால் 1900 மீட்டருக்கு 57 நிமிடம். 13 நிமிடம் மிச்சம் என்று சந்தோஷப்படக் கூடாது. கடலில் கோடு போட்டிருக்காது, புதியவர்கள் கோணலாகத்தான் போவார்கள். பத்தில் ஒரு பங்கு கூடுதலாக நீந்தினால் 2090 மீட்டர், கிட்டத்தட்ட 63 நிமிடம். மிச்சம் ஏழே நிமிடம். 3 நிமிடம் என்பது பெரிய வேகமே இல்லை, நிதானமாக நீந்துகிறவர்கள் எட்டக்கூடியதுதான். ஆகவே வேகம் அண்ணனுக்குப் பெரிய தடை ஆகாது.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஓட்டத்தில் களைத்தால் நடக்கலாம். சைக்கிளில் களைத்தால் இறங்கி மரத்தடியில் உட்காரலாம். தண்ணீரில் உட்கார இடம் இல்லை. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும், இதயம் நின்றுபோய்க் காப்பாற்றப்பட்டவர்களையும் மருத்துவர்கள் சேர்த்து எண்ணினார்கள். மொத்தம் 135. அதில் 90 நீச்சலின்போது நடந்தவை. நேரத்தில் மிகக் குறைவான பகுதி நீச்சல், ஆபத்தில் பெரும்பகுதி அதில்தான். பெரும்பாலானவர்கள் நடுத்தர வயது ஆண்கள். சிலருக்கு இதயத்தில் கோளாறு இருந்ததே முன்னால் தெரியாது. அதனால் பயிற்சி தொடங்கும் முன்பே டாக்டரிடம் போய் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும். "எனக்கு என்ன, நான் தினம் ஓடுறேனே" என்று சொன்னால் விடாதீர்கள்.

சரி, சுமாராக நீந்துகிறவருக்குத் தண்ணீருக்குள் என்னதான் ஆகிறது? விசில் அடித்ததும் பத்து நூறு பேர் ஒன்றாக இறங்குகிறார்கள். ஒருத்தர் கால் முகத்தில் படுகிறது. குனிந்தால் தரை தெரியவில்லை, பச்சையாகக் கலங்கல். நெஞ்சு படபடக்கிறது. உடனே நாம் அறியாமலே மூச்சை அடக்கிவிடுகிறோம். அடக்கிய மூச்சோடு தலையைத் தூக்கி மறுபடி இழுக்கப் பார்க்கிறோம். உள்ளே இருக்கிற காற்று வெளியே போனால்தானே புதுக் காற்றுக்கு இடம்? இழுக்க முடியவில்லை. "மூச்சு முட்டுது" என்கிறோம். ஆக்ஸிஜன் போதவில்லை என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. வெளியே விடாத கரியமில வாயு உடம்பில் கூடிவிட்டது, அதுதான் அந்தத் திணறல். திணறல் வந்ததும் தலை மேலே, கால் கீழே. உடம்பு நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்கிறது. எவ்வளவு கையை அடித்தாலும் நகராது.

ஆகவே முதல் பாடம் மூச்சு விடுவது. இழுப்பது அல்ல, விடுவது. இதற்குக் கடல் வேண்டாம், குளமும் வேண்டாம், வீட்டில் ஒரு வாளி போதும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, வாளித் தண்ணீரில் முகத்தை வைத்து "ம்ம்ம்ம்" என்று மூக்காலும் வாயாலும் மெதுவாகக் குமிழ் விடுங்கள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வாயால் ஒரு சின்ன மூச்சு எடுங்கள். மறுபடி குமிழ். இருபது முறை படபடப்பு இல்லாமல் செய்ய வந்தால் நீச்சல் குளத்துக்குப் போகலாம். சிரிப்பாகத் தெரியும். ஆனால் அண்ணன் குளத்தில் அக்கரை போவதற்குள் மூச்சு வாங்குவது கை கால் பலம் இல்லாமல் அல்ல. பலம் இல்லாதவரா இருபது கிலோமீட்டர் ஓடுவார்?

இரண்டாவது பாடம்தான் தலைப்பில் இருக்கிறது. ஆழத்தில், எதையும் பிடிக்காமல், நிற்கத் தெரிய வேண்டும். இரண்டு வழி உண்டு. ஒன்று மல்லாந்து மிதப்பது. காது தண்ணீருக்குள் போகட்டும், மோவாய் வானத்தைப் பார்க்கட்டும், வயிறு மேலே, கைகள் விரிந்து. நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலானவர்கள் மிதப்பார்கள். கால் மட்டும் கொஞ்சம் கீழே போகும், போகட்டும். இன்னொன்று தண்ணீர் மிதிப்பது. சைக்கிள் மிதிக்கிற மாதிரி காலும், தோசைக்கல்லில் மாவைத் தேய்க்கிற மாதிரி கையும் அசைய, வாய் மட்டும் மேலே. கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கற்றவர்களுக்கு இது ரத்தத்திலேயே இருக்கும். நம் கிராமத்துப் பிள்ளைகள் இதில் நகரத்துக் குளத்தில் கற்றவர்களை அடித்துவிடுவார்கள், சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமைதான். ஆனால் கிணற்று நீச்சலில் ஒரு குறையும் உண்டு. தலை எப்போதும் தண்ணீருக்கு மேலேயே இருக்கும். இருபது அடி தூரத்துக்கு அது சரி. 1900 மீட்டருக்குக் கழுத்தும் இடுப்பும் தாங்காது.

கடலில் ஒரு சாதகம் இருக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1000 கிராம் என்றால் கடல் தண்ணீர் சுமார் 1025 கிராம். உப்பின் வேலை. அந்த அளவுக்கு நம்மைத் தூக்கிப் பிடிக்கும். நல்ல தண்ணீரில் மிதக்கத் தெரிந்தவருக்குக் கடலில் மிதப்பது இன்னும் சுலபம்.

இரண்டும் வந்த பிறகு பயிற்சி இப்படி: 50 மீட்டர் மெதுவாக நீந்து. சுவரைப் பிடிக்காமல், குளத்தின் ஆழப் பகுதியில் ஒரு நிமிடம் மல்லாந்து மித. மறுபடி 50. சுவரைத் தொட்டால் முதலிலிருந்து. வாரத்துக்கு மூன்று நாள். முதல் மாதம் தூரத்தை எண்ணவே வேண்டாம். இரண்டாம் மாதம் நீந்தும் தூரத்தை 100, 200, 400 என்று கூட்டி, மிதக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம். பலர் செய்கிற தப்பு, முதல் நாளிலிருந்தே கடிகாரத்தை வைத்துக்கொண்டு வேகமாகப் போவது. களைத்துக் களைத்து நீந்தினால் களைத்து நீந்தத்தான் பழகும்.

எந்த நீச்சல்? ட்ரையத்லானில் எந்த வகையும் நீந்தலாம். ஃப்ரீஸ்டைல்தான் வேண்டும் என்று விதி இல்லை. தவளை நீச்சலிலேயே முழுத் தூரமும் போகிறவர்கள் உண்டு. ஆனால் ஃப்ரீஸ்டைலைக் கற்றுக்கொண்டு, திணறும்போது மட்டும் தவளைக்கு மாறுவது நல்லது. சைக்கிளுக்குக் கால் மிச்சம் இருக்க வேண்டாமா?

【 உங்களுக்குத் தெரியுமா? ட்ரையத்லான் என்ற பெயரில் நடந்த முதல் போட்டி 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியாகோவில், மிஷன் பே என்ற இடத்தில். நடத்தியது ஓட்டக்காரர்களின் சங்கம்! கலந்துகொண்டவர்கள் 46 பேர். மொத்த நீச்சல் 500 கஜம், அதுவும் துண்டு துண்டாக. ஒரே மூச்சில் 250 கஜத்துக்கு மேல் இல்லை. 】

அடுத்தது திசை. குளத்தின் தரையில் கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்தே போய்விடலாம். கடலில் தூரத்தில் ஒரு மஞ்சள் அல்லது ஆரஞ்சு மிதவை, அதுவும் அலை எழும்பினால் மறைந்துவிடும். இதற்கு முதலையைப் பாருங்கள். தலையைத் தூக்காது, கண் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். ஆறு அல்லது எட்டுக் கைவீச்சுக்கு ஒரு முறை அதைப் போலக் கண்ணை மட்டும் தூக்கி முன்னால் பார்க்க வேண்டும். உடனே முகத்தைப் பக்கத்தில் திருப்பி மூச்சு. முன்னால் பார்த்துக்கொண்டே மூச்சு எடுத்தால் கால் மூழ்கும், உப்புத் தண்ணீர் வாய்க்குள் போகும். மிதவை தெரியவில்லை என்றால் அதன் பின்னால் கரையில் உயரமாக இருக்கிற ஒன்றை, ஒரு கட்டடத்தையோ தென்னையையோ, முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளலாம். குளத்திலேயே பழகலாம்: பத்துக் கைவீச்சு கண்ணை மூடி நீந்திவிட்டுத் திறந்து பாருங்கள். எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறோம் என்று தெரிந்துவிடும். ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கும். பக்கத்தில் யாரும் நீந்தாதபோது செய்யவும்!

மூச்சை இரண்டு பக்கமும் திருப்பி எடுக்கப் பழகுவதும் கடலுக்காகத்தான். வலப்பக்கம் அலை அடித்தால் வலப்பக்கமே வாயைத் திறந்தால் என்ன ஆகும்?

வெளிநாட்டுப் புத்தகங்களில் "வெட்சூட் போட்டுக்கொள், அது மிதக்க வைக்கும்" என்று எழுதியிருப்பார்கள். ரப்பர் போன்ற கெட்டியான உடுப்பு அது, குளிர்நாட்டுத் தண்ணீருக்கு. உலக ட்ரையத்லான் விதிப்படி 1500 மீட்டர் வரையிலான நீச்சலில், பொதுப்பிரிவில் கலந்துகொள்கிறவர்கள் தண்ணீர் 22 டிகிரிக்கு மேல் இருந்தால் அதைப் போடக் கூடாது. தூரம் கூடினாலும் வெதுவெதுப்பான தண்ணீரில் அதற்கு இடம் இல்லை, நம் நாட்டுக் கடலோ அதைவிடச் சூடு. ஆகவே அந்த ஊன்றுகோல் அண்ணனுக்குக் கிடையாது. சொந்தமாக மிதக்கத் தெரிய வேண்டும் என்று நான் இவ்வளவு அடித்துச் சொல்வது அதனால்தான். வாங்க வேண்டியது ஒரு நல்ல நீச்சல் கண்ணாடி, பளிச்சென்ற நிறத்தில் தொப்பி, பயிற்சிக்கு இடுப்பில் கட்டி இழுத்துப் போகிற காற்றுப் பை. அவ்வளவுதான்.

(இரண்டாம் தாள்)

மூன்றாம் மாதம் கடல். தனியாக ஒருபோதும் இறங்கக் கூடாது. நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் கூடவே தண்ணீரில் இருக்க வேண்டும், ஒருவர் கரையில். முடிந்தால் ஒரு படகு. குளிக்கத் தடை போட்ட கடற்கரையில் "நாங்க பயிற்சிக்கு வந்தோம்" என்று இறங்குவது வீரம் ஆகாது. இறங்குமுன் அந்த ஊர் மீனவர் ஒருவரிடம், "அண்ணே, வெள்ளம் எந்தப் பக்கம் ஓடுது?" என்று கேட்கலாம். நீரோட்டத்தை அவர்கள் வெள்ளம் என்பார்கள். அவர் "இன்னிக்கு வேணாம் தம்பி" என்றால் அன்றைக்கு வேண்டாம். மாதத்தையும் பார்க்க வேண்டும். அக்டோபரில் கோவா பக்கம் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து கடல் அடங்குகிற சமயத்தில், நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் கடல் குழம்பும். போட்டி அப்போது என்றால், நம் கடலில் செய்ய வேண்டிய பயிற்சியை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

நீரோட்டம் சின்ன விஷயம் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ரையத்லான் நீச்சல் சேன் ஆற்றில் நடந்தது. தண்ணீர் சுத்தம் போதவில்லை என்று ஆண்கள் போட்டியை ஜூலை 30-லிருந்து 31-க்குத் தள்ளிவைத்தார்கள். எதிர்நீரோட்டத்தில் திரும்பி வரும்போது, உலகத்தின் தலைசிறந்த வீரர்களே இழுப்பு குறைவாக இருக்கும் என்று கரைச் சுவரை ஒட்டி ஒட்டி நீந்தினார்கள். அவர்களுக்கே அப்படி.

கடற்கரையில் இன்னொரு இழுப்பு இருக்கிறது, அதுதான் ஆளைக் கொல்வது. கரையில் மோதிய தண்ணீர் எல்லாம் ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பும். பார்த்தால் இரண்டு பக்கமும் அலை உடையும், நடுவில் மட்டும் அலை இல்லாமல் சாதுவாக இருக்கும். "இங்கேதான் அலை இல்லை, இங்கே இறங்கலாம்" என்று தோன்றுகிற இடமே அதுதான்! அதில் சிக்கினால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. நீந்த நீந்தக் கரை தள்ளித்தான் போகும், களைப்புதான் மிச்சம். அது உங்களை அடியில் இழுக்காது, வெளியேதான் தள்ளும். மல்லாந்து மிதந்து மூச்சைப் பிடியுங்கள். பிறகு கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்துங்கள். இழுப்பு விட்டதும் சாய்வாகக் கரைக்கு வாருங்கள். முடியவில்லை என்றால் மிதந்தபடியே கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். (கரையில் நிற்பவர்கள் நீந்திப் போய்க் காப்பாற்ற முயல வேண்டாம். கயிறு, காலி பிளாஸ்டிக் கேன், டியூப் எது கிடைத்தாலும் எறியுங்கள், ஆள் கூப்பிடுங்கள்.)

இடுப்பளவுத் தண்ணீரில் பெரிய அலை வந்தால் நிமிர்ந்து நிற்காமல், அதற்கு அடியில் குனிந்து முங்கிவிடுங்கள். மேலே போய்விடும். சொறி எனப்படும் இழுதுமீன் உரசினால் மணலைப் போட்டுத் தேய்க்க வேண்டாம், நல்ல தண்ணீரும் ஊற்ற வேண்டாம், கடல் தண்ணீரிலேயே அலசிவிட்டு முதலுதவிக்காரரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ வாந்தியோ இருந்தால் நேரே ஆஸ்பத்திரி.

போட்டிக்கு மூன்று வாரம் முன்பு அண்ணனை உட்காரவைத்து இரண்டே கேள்வி கேளுங்கள். குளத்தில் 1900 மீட்டரைச் சுவரைப் பிடித்து இளைப்பாறாமல் 60 நிமிடத்துக்குள் முடிக்கிறாயா? ஆழத்தில் எதையும் தொடாமல் பத்து நிமிடம் மிதக்கிறாயா? இரண்டுக்கும் "ஆமா" என்றால் போகட்டும். ஒன்றுக்கு "கிட்டத்தட்ட" என்றாலும் இந்த ஆண்டு வேண்டாம். கட்டிய பணம் போகட்டும். என்னைக் கேட்டிருந்தால் முதல் போட்டியாக 750 மீட்டர் ஸ்பிரின்டுக்குத்தான் போகச் சொல்லியிருப்பேன். நீச்சலே வேண்டாம் என்றால் ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று டுயத்லான் இருக்கிறது, அதில் அவர் கொடி கட்டிப் பறக்கலாம். 1994-ல் 12 வயதில் பாக் நீரிணையை நீந்திக் கடந்த குற்றாலீஸ்வரனைக் காட்டி "சின்னப் பையனே செய்தானே" என்று யாராவது உசுப்பேற்றுவார்கள். அவர் சின்ன வயதிலிருந்தே நீச்சலிலேயே ஊறியவர். மூன்று மாதக் கதை அல்ல அது.

போகிறார் என்றே வைத்துக்கொள்வோம். முந்தின நாள் விளக்கக் கூட்டத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். மிதவைகள் எங்கே, எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும், காப்பாற்றும் படகுகள் எங்கே நிற்கும், எல்லாம் அங்கேதான் சொல்வார்கள். காலையில் போட்டிக்கு முன்பே, அனுமதித்தால் தண்ணீரில் இறங்கி முகத்தை நனைத்து, நாலு குமிழ் விட்டு, கொஞ்சம் நீந்திவிட்டு ஏற வேண்டும். முதல் அதிர்ச்சி அங்கேயே தீர்ந்துவிடும். வரிசையில் பின்னால், ஓரமாக நிற்க வேண்டும். விசில் அடித்ததும் பாய வேண்டாம். முப்பது எண்ணிவிட்டு இறங்கட்டும். அரை நிமிடம் போனால் போகிறது, முகத்தில் உதை விழாது. முதல் 200 மீட்டரை "இவ்வளவு மெதுவாவா?" என்று தனக்கே தோன்றுகிற மாதிரி நீந்த வேண்டும்.

பலருக்குத் தெரியாத விதி ஒன்று: களைத்தால் மிதவையையோ, நின்றுகொண்டிருக்கும் படகையோ கயாக்கையோ பிடித்து இளைப்பாறலாம். அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகரக் கூடாது, அவ்வளவுதான். அது ஏமாற்றும் இல்லை, கேவலமும் இல்லை. உதவி வேண்டும் என்றால் கையைத் தலைக்கு மேல் உயர்த்தினால் போதும், வந்துவிடுவார்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று கையைத் தூக்காமல் இருக்கக் கூடாது. நெஞ்சு வலி, இருமலில் நுரை, நின்று மிதந்தும் அடங்காத மூச்சு இவை வந்தால் அந்த நிமிடமே கை மேலே போக வேண்டும்.

கரை நெருங்கும்போது அவசரப்பட்டுக் காலை ஊன்ற வேண்டாம். மார்பளவுத் தண்ணீரில் நடப்பது நீந்துவதைவிடக் கஷ்டம். கைவிரல் மணலைத் தொடும்வரை நீந்தி, அப்புறம் எழுந்தால் போதும். இவ்வளவு நேரம் படுத்திருந்த உடம்பு சட்டென்று நிமிர்வதால் தலை சுற்றும், கால் பின்னும். இரண்டு மூச்சு நின்றுவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்தே போகலாம். சைக்கிள் எங்கேயும் ஓடிவிடாது.

— உடற்கல்வி ஆசிரியர்

(படங்கள்: 8 'ஆ' மாணவர்கள். முதலைப் படத்தில் பல் அதிகமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளவும்.)